சுவரில் படரும் பூஞ்சணம்: நாம் செய்வதும் நிர்வாகம் செய்ய வேண்டியதும்

(மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். தை பிறப்பதற்குள் அதே மூலையில் கறுப்புப் புள்ளிகள் திரும்ப வந்துவிடுகின்றன. பிள்ளைக்கு இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்கிறார்கள். நாள் முழுக்க மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இரவில் சுவர் துடைக்கிற தாய்க்கு அந்த வார்த்தை எவ்வளவு வலிக்கும்! ஆகவே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நம் கையில் இருப்பது. பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. சுவர் ஒன்றிரண்டு நாள் காயாமல் கிடந்தாலே முளைத்துவிடும். அதனால் மூக்கடைப்பு, கண் எரிச்சல், இருமல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு கூடும்.

துடைக்கும்போது பிள்ளைகளையும் இளைப்பு உள்ளவர்களையும் வெளியே இருத்துங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். காய்ந்த பூஞ்சணத்தை விளக்குமாற்றால் தட்டினால் வித்து வீடெல்லாம் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பூஞ்சணத்தின் மேலேயே அடித்தால் அது உரிந்துவிடும்.

குளோரின் திரவம் பாவிப்பவர்கள் ஒரு கோப்பைக்குப் பதினாறு கோப்பை தண்ணீர் கலக்க வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தை அதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நெஞ்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும். கூரை அஸ்பெஸ்டோஸ் தகடாக இருந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

நனைந்த படங்கையும் உடுப்பையும் முடிந்தவரை காம்பிராவுக்குள் காயப்போடாமல் இஸ்தோப்பில் போடுங்கள். பெட்டி, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது ஆவி வெளியே போக வழி விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அதே இடத்தில் பூஞ்சணம் வந்தால், அங்கே தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். ஓட்டைத் தகரம், உடைந்த பீலி, அடைபட்ட கான், மண்மேடு சாய்ந்த பின்சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். எத்தனை முறை துடைத்தாலும் இவை சரியாகாது. பழைய லயத்தின் கூரையையும் கானையும் திருத்துவது நிர்வாகத்தின் வேலை. அதைத் தாய்மாரின் சோம்பல் என்று சொல்ல யாரையும் விடக்கூடாது.

லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பிராவில் ஒழுகினால் பக்கத்துக் காம்பிராவின் சுவரும் ஊறும். எனவே ஒருவர் தனியாகப் போய் துரையிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதில் பலன் குறைவு. லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். காம்பிரா இலக்கம், எங்கே ஒழுகுகிறது, எப்போதிருந்து, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று குறிப்பிடுங்கள். திகதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் காரியாலயத்தில் கொடுத்து, மற்றதில் கையொப்பம் வாங்குங்கள். அந்தப் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்தால் சங்கம் அதை வைத்துப் பேசும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

பிள்ளைக்கு இருமல் நீடித்தாலோ மூச்சு இரைத்தாலோ கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டி, வீட்டுச் சுவர் ஈரமாக இருப்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு கடிதம் வரட்டும்.