வீட்டுக்குள் கொஞ்சம் சாரல்: பெரணிச் செடி வளர்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்புக் கணக்கு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்தாச்சு. மீதி நேரத்தில் ஒரு செடியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அதன் பெயர் பெரணி. நர்சரியில் 'ஃபெர்ன்' என்று கேட்டால் தருவார்கள். பெயர் புதுசாக இருந்தாலும் செடி நமக்குப் பழசுதான். குற்றாலத்தில் செண்பகாதேவிக்கு ஏறுகிற வழியில் பாறை இடுக்கில் சீப்பு மாதிரி இலையோடு தொங்குமே, அதுதான். நம்ம ஊர்க் கிணற்றுச் சுவரிலும் தானாக முளைத்துக் கிடக்கும். கொல்லிமலைக்குச் சுற்றுலா போனவர்கள் 'ஆட்டுக்கால் கிழங்கு' சூப் குடித்திருப்பீர்கள். அதுவும் பாறையில் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டுதான்.

ஒரு தொட்டிச் செடிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். காரணம் இருக்கு. நம் குழுக்களில் சில பேர் சீசன் நேரத்தில் தொட்டிச் செடி விற்கிறீர்கள். வாங்கிப் போகிறவர்கள் சொல்கிற குறை ஒன்றுதான்: "ஒரு மாசத்துல காய்ஞ்சு போச்சு." இன்னொன்று, "எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்? மலையில சும்மாதானே கிடக்கு, பிடுங்கிட்டு வந்தா போச்சு" என்ற பேச்சும் நம்மிடையே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இன்று பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பெரணி ஏன் அருவிக்குப் பக்கத்தில் இருக்கிறது?

பெரணி பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூச்செடிகள் வருவதற்கு வெகு காலம் முன்னாலேயே, பூமியில் இருந்த இனம். இலையின் அடியில் பொடி மாதிரி வித்துத்தூள் உண்டாகும். அது காற்றில் பறந்து ஈரமான இடத்தில் விழுந்தால் முதலில் நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு வரும். அந்தத் தகட்டின் மேல் தண்ணீர் படிந்திருந்தால்தான் கரு உண்டாகி, புதுச் செடி கிளம்பும். தண்ணீர் இல்லை என்றால் அடுத்த தலைமுறையே இல்லை. அதனால்தான் அருவி ஓரத்தையும் கிணற்றுச் சுவரையும் தேடிப் போகிறது.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆரியங்காவு கணவாய் வழியாக நம் பக்கம் சாரல் வருகிறது. அப்போது வேரில் மட்டும் அல்ல, காற்றிலேயே ஈரம் இருக்கும். பெரணிக்கு வேண்டியது அந்தக் காற்று. மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், காற்றின் ஈரத்தை மறந்துவிடுகிறோம். சாரல் முடிந்து, மார்ச் மாத வெயில் வந்ததும் செடி கருகிவிடுகிறது. பெரணி வளர்ப்பதில் பாதி வேலை, கொஞ்சம் சாரலை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான்.

வைக்கும் இடம்

வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வடக்குப் பார்த்த தாழ்வாரம், மர நிழல், கிணற்றடி, குளியலறை ஜன்னல் ஓரம் நல்ல இடங்கள். காலை இளவெயில் கொஞ்சம் பட்டால் தோஷமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தொங்கவிடாதீர்கள், அந்த அனலில் நிற்காது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

காற்றில் ஈரம்

இலையில் தண்ணீர் தெளித்தால் போதும் என்பார்கள். தெளித்த ஈரம் நம் கோடையில் சீக்கிரமே காய்ந்துவிடும். அதைவிட நல்ல வழி, மண் தொட்டியை அதைவிடப் பெரிய தொட்டிக்குள் வைத்து, நடுவில் மணல் நிரப்பி, அந்த மணலை எப்போதும் ஈரமாக வைப்பது. வெளித் தொட்டிக்கும் ஓட்டை வேண்டும். செடிகளைத் தனித்தனியாக வைக்காமல் கூட்டமாக வையுங்கள், ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். கோடையில் பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். தட்டு வைத்தால் மணல் நிரப்பி வையுங்கள்.

தண்ணீர்

விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காயத் தொடங்கியிருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தினமும் வேண்டியிருக்கும், சாரல் நாளில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் வைத்தால் வேர் அழுகிவிடும். சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரில் இலை நுனி பழுப்பாகும். ஓட்டு வீட்டில் வடிகிற மழைத் தண்ணீரைப் பிடித்து, துணி கட்டி மூடி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் இதற்குக் கிடையாது.

மண்ணும் உரமும்

களிமண் ஆகாது. மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், ஆற்று மணல் மூன்றும் கலந்து, கையில் பிடித்தால் கட்டியாகாமல் உதிர்கிற பதத்தில் இருக்க வேண்டும். நார்க்கழிவு நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிய பிறகே சேருங்கள். உரம் கொஞ்சம் போதும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் சரி. வயலுக்குப் போடுகிற யூரியாவைப் போட்டால் மெல்லிய வேர் எரிந்துவிடும்.

பழுப்புப் புள்ளியைக் கண்டு பயப்படாதீர்கள்

இலைக்கு அடியில் பழுப்பாக வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால், "பூச்சி விழுந்திருச்சு" என்று இலையையே கிள்ளிப் போடுகிறோம். வரிசை ஒழுங்காக, இலையின் அடிப்பக்கம் மட்டும் இருந்தால் அது வித்துத்தூள் பை. செடி ஆரோக்கியமாக இருக்கு என்று அர்த்தம். தாறுமாறாக, தண்டிலும் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பாக இருந்து, நகத்தால் சுரண்டினால் தனியாக வந்தால் அது செதில் பூச்சி. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மருந்து அடிக்காதீர்கள், பெரணி இலை தாங்காது.

செடி முழுக்கக் காய்ந்து போனாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம். காய்ந்த இலைகளை மண் மட்டத்துக்கு மேலே வெட்டிவிட்டு, நிழலில் ஈரமாக வையுங்கள். வேரில் உயிர் இருந்தால் சுருட்டை சுருட்டையாகப் புதுக் குருத்து வரும்.

ஒன்றை மூன்றாக்கலாம்

விற்பனைக்கு ஏற்றது 'பாஸ்டன் ஃபெர்ன்'. இது நூல் மாதிரி ஓடுதண்டு விடும். அது மண்ணில் பட்ட இடத்தில் குட்டிச் செடி வரும். வேர் விட்டதும் வெட்டிப் பிரித்து வேறு தொட்டியில் வைக்கலாம். பெரிய தாய்ச்செடியை வேரோடு மூன்றாகப் பிரிக்கலாம். சாரல் தொடங்கும் ஜூன் மாதம் இதற்கு நல்ல நேரம். ஒரு குழு ஒரே ஒரு தாய்ச்செடி வாங்கினால் போதும். பிரித்துப் பிரித்து ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் கொடுத்துவிடலாம்.

மற்ற வகைகளை வித்துத்தூளில் வளர்க்கலாம். முற்றிய இலையைக் காகித உறைக்குள் சில நாள் வைத்தால் தூள் உதிரும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த ஈர மண்ணில் தூவி, கண்ணாடியால் மூடி நிழலில் வையுங்கள். சில வாரத்தில் பச்சைப் படலம் தெரியும், செடியாக மாதங்கள் ஆகும். பொறுமை வேண்டும். இதற்கு இலை வேண்டுமென்றால் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, நம் கிணற்றுச் சுவரில் இருப்பதே போதும்.

மலையில் பிடுங்க வேண்டாம்

1829-ல் லண்டனில் நதானியேல் வார்டு என்கிற டாக்டர், ஒரு கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தார். பூச்சி வெளியே வருவதைப் பார்க்கத்தான் வைத்தார். ஆனால் அந்த மண்ணில் பெரணி முளைத்தது. வெளியே ஊர்ப் புகையில் வளராத செடி, உள்ளே ஈரம் வெளியேறாமல் சுற்றிச் சுற்றி வந்ததால் பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கண்ணாடிப் பெட்டியில் பெரணி வளர்ப்பது இங்கிலாந்தில் ஒரு பைத்தியமாகவே பரவியது. வியாபாரிகள் காட்டிலிருந்து கூடை கூடையாகப் பிடுங்கி விற்றார்கள். சில வகைகள் பல இடங்களில் காணாமலே போயின. புட்டிக்குள் ஒரு செடியைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவர்கள் காட்டில் இருந்ததைக் காலி செய்தார்கள்.

நம் மலைக்கு அந்த நிலை வர வேண்டாம். நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் வி.எஸ். மாணிக்கம், வி. இருதயராஜ் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை ஆராய்ந்து 1992-ல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். அரிதாகிப்போன பெரணிகளை வித்துத்தூளிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வேலையும் அங்கே நடந்தது. அவர்கள் பாடுபட்டுப் பெருக்கியதை நாம் பிடுங்கலாமா?

காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமும்கூட. அபராதம், வழக்கு என்று வந்தால் சீசன் முழுக்கச் சம்பாதித்தது போய்விடும். அதோடு, பாறையில் பிடுங்கிய செடி பாதி வேரோடுதான் வரும். வாங்கியவர் வீட்டில் நிற்காது. அடுத்த வருஷம் அவர் நம் கடைப் பக்கம் திரும்ப மாட்டார்.

உண்மையைச் சொல்லி விற்போம்

"இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணும்" என்று சொல்லி விற்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்ததில் இருந்து வந்த பேச்சு அது. அந்த மாதிரிச் சோதனைகளை எல்லாம் மறுபடி கணக்குப் பார்த்து, நாம் வாழும் வீட்டில் நாலைந்து தொட்டியால் அப்படிப் பெரிய பலன் இல்லை, ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல் என்று 2019-ல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். அழகுக்கும் குளிர்ச்சியான பார்வைக்கும் என்று சொல்லியே விற்போம். கூடவே எங்கே வைக்கணும், எப்படித் தண்ணீர் விடணும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டுதான் நம் குழுவின் விளம்பரம்.

அடுத்த கூட்டத்துக்குள் குழுவில் செய்ய வேண்டியவை

1. குழுவுக்கு ஒரு தாய்ச்செடி வாங்குங்கள். காட்டில் பிடுங்கியது இல்லையே என்று கேட்டு வாங்குங்கள்.

2. பராமரிப்பைக் கவனிக்க ஒரு உறுப்பினரைத் தேர்வு செய்யுங்கள்.

3. தொட்டி, மண், உரம், பஸ் செலவு, உங்கள் உழைப்பு நேரம் அத்தனையும் நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கு வந்த பிறகே விலை வையுங்கள். உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

4. ஐந்தருவிப் பக்கம் போகிறவர்கள் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவில் நிழல் செடிகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்லுங்கள்.

 சந்தேகம் இருந்தால் இப்போதே கேளுங்கள், அக்காமாரே. உங்கள் கிணற்றுச் சுவரில் என்ன பெரணி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.