தலைவிதியா? புகைக்கரியா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் வைத்தியப் பரீட்சை கொடுத்தவர்களல்ல. பள்ளிக்கூடத்தில்கூட அதிக நாள் உட்கார்ந்தவர்களல்ல. ஆகையால் நாம் சொல்லுவதை உங்கள் புத்தியைக் கொண்டு பரிசோதித்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவனுக்குப் புற்றுநோய் கண்டால் நம் ஜனங்கள் "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். "போன ஜன்மத்துப் பாவம்" என்கிறார்கள். சற்றுப் படித்தவர்களோ "அவன் உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவன் என்ன வேலை செய்தான், எதை மூச்சில் இழுத்தான், அவன் தோலில் எது ஒட்டிக் கிடந்தது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

அப்படிக் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம். லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் பர்சிவல் பாட் என்கிற ரண வைத்தியர் இருந்தார். அக்காலத்தில் அங்கே வீட்டுப் புகைபோக்கிகளில் அடைந்த கரியைச் சுரண்ட, ஐந்து ஆறு வயது ஏழைப் பிள்ளைகளை அந்தக் குறுகலான துவாரத்துக்குள் ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு விதைப்பையில் புண் கண்டு, அது உள்ளே பரவிச் செத்தார்கள். வைத்தியர்களோ அதை மேகநோய் என்று எண்ணிப் பாதரச மருந்து கொடுத்தார்கள். உயிரும் போயிற்று, மானமும் போயிற்று! 1775-ல் பாட் அவர்கள், இது மேகநோயல்ல, தோல் மடிப்பில் தங்கிய புகைக்கரியால் வந்த புற்று என்று எழுதிவைத்தார்.

உடனே பிள்ளைகள் தப்பித்தார்களா? 1788-ல் எட்டு வயதுக்குட்பட்டவர்களை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாதென்று சட்டம் வந்தது. யாரும் மதிக்கவில்லை. 1840-ல் 21 வயதுக்குட்பட்டவர்கள் ஏறக்கூடாதென்றார்கள். அதுவும் ஏட்டுச் சுரைக்காய் ஆயிற்று. 1875-ல் போலீஸ் லைசென்சு கட்டாயமான பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. காரணம் தெரிந்து நூறு வருஷம்! அறிவு இல்லாமல் செத்தவர்களைவிட, அறிந்தும் பிறர் அலட்சியம் செய்ததால் செத்தவர்களுக்காகத்தான் நாம் அதிகம் வெட்கப்படவேண்டும்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். டென்மார்க்கில் புகைபோக்கித் தொழிலாளர் சங்கத்தார் 1778-லேயே தினந்தோறும் குளிக்கவேண்டுமென்று தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள். 1892-ல் பட்லின் என்கிற இங்கிலீஷ் வைத்தியர் ஆராய்ந்ததில், உடம்பை மூடிய உடையும் தினக் குளிப்பும் உள்ள ஐரோப்பியத் தொழிலாளருக்கு இந்த நோய் அபூர்வமென்று தெரிந்தது. ஒரே கரி, ஒரே தொழில்! சோப்புக்கும் தண்ணீருக்கும் பயந்து ஓடுகிற தலைவிதி என்ன தலைவிதி, தோழர்களே?

பிறகு 1915-ல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்கிற இருவர் முயல்களின் காதில் மாதக்கணக்காகத் தாரைத் தடவி அங்கே புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். அந்த முயல்கள் எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தன?

"அதே வேலை செய்த பத்துப் பேரில் ஒருவனுக்குத்தானே வந்தது?" என்று கேட்பார்கள். இருட்டில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டுகிறவர்களெல்லாம் பள்ளத்தில் விழுவதில்லை. அதற்காக விளக்கு வேண்டாமென்போமா?

இந்த நோயின் பெரிய சூது, அது காத்திருப்பதுதான். கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் தூசி நெஞ்சில் நுழைந்து, இருபது, நாற்பது வருஷம் கழித்தும் புற்றாக வெளிப்படுகிறது. அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பான். முதலாளி கணக்கை மூடியிருப்பான். தென்னாப்பிரிக்காவில் 1960-ல் வெளியான ஆராய்ச்சியில், சுரங்கத்தில் வேலையே செய்யாமல் சிறு வயதில் அதன் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் நெஞ்சுச் சவ்வில் புற்று கண்டதாக எழுதியிருக்கிறார்கள். புருஷனின் வேலை உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1999-ல் இச்சரக்கைத் தடை செய்தார்கள். நம் உச்சநீதிமன்றமோ 1995-ல், கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியக் குறிப்பை, வேலையில் சேர்ந்து 40 வருஷமாவது அல்லது வேலை விட்டு 15 வருஷமாவது, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. அந்தக் குறிப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

எல்லாப் புற்றும் தொழிலால் வருவதென்று நாம் சொல்லவில்லை. புகையிலையாலும் வருகிறது, வேறு காரணங்களும் உண்டு. கல்நார்த் தூசியும் புகையிலையும் ஒன்று சேர்ந்தால் கேடு பல மடங்கு. ஆனால் "பீடி குடித்தான்" என்று சொல்லித் தூசிக்கு விடுதலை கொடுப்பதை நாம் ஒப்பமாட்டோம்.

ஆகவே தோழர்களே! நீங்கள் கையாளும் சரக்கின் பெயரைக் கேளுங்கள். தூசியை உறிஞ்சும் யந்திரமும், குளிக்கத் தண்ணீரும், உடுப்பை அங்கேயே துவைக்க ஏற்பாடும் கேளுங்கள். தனித்தனியே கேட்டால் வேலை போகும், சேர்ந்து கேளுங்கள். வைத்தியரிடம் போனால் வலியை மட்டும் சொல்லாமல், இத்தனை வருஷம் இன்ன வேலை செய்தேன் என்றும் சொல்லுங்கள். தலையில் எழுதியிருக்கிறதென்று நினைக்கிறவன் எதையும் கேட்கமாட்டான்; கேட்காதவனுக்கு எவனும் கொடுக்கமாட்டான் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.