உழைப்பவள் பெயரில் கணக்கு



தாராவிச் சந்துகளில் விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து விற்பவர்கள் நம் பெண்கள். அப்பளம் இடுவதும், கூலிக்குத் தைப்பதும் அவர்களே. ஆனாலும் ‘என் பெண்சாதி வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்போர் இன்னும் உண்டு! 1982 ஆலை வேலைநிறுத்தத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அந்தச் ‘சும்மா’ இருந்தவளின் சம்பாத்தியத்தில்தான்.

அகமதாபாத்தைப் பாருங்கள். தலைச்சுமைப் பெண்களும் தெருவில் விற்பவர்களும் இலா பட் தலைமையில் ‘சேவா’ சங்கம் கண்டார்கள். முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் ஏது என்று தொழிலாளர் துறை பதிவு மறுத்தது. சங்கம் யாரையும் எதிர்க்க மட்டுமல்ல, உழைப்பவர் ஒன்றுசேரவும்தான் என்று வாதாடி, 1972இல் பதிவு பெற்றார்கள். வட்டிக்காரர் பிடியிலிருந்து மீள, 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கியே தொடங்கினார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் வங்கி நின்றுவிடவில்லை. பாஸ் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டி ஆளை அடையாளம் கண்டார்கள்.

நாம் கேட்பது இதுதான்: அவள் உழைத்த காசு அவள் பெயரில் இருக்கவேண்டும். குடும்பத்தைத் தாங்குகிறவள் பஸ் காசுக்குப் பிறரிடம் கையேந்துவது என்ன நியாயம்? 2014இல் வந்த ஜன் தன் திட்டத்தில் இருப்புத்தொகை இல்லாமலே கணக்குத் தொடங்கலாம்.

வரும் ஞாயிறன்று சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்பித் தருகிறோம். தாய்மார்களே, மகளையும் அழைத்து வாருங்கள். வரவு செலவு எழுத அவளும் பழகட்டும். வட்டிக்காரன் நோட்டில் இருக்கும் நம் கணக்கு, இனி நம் வீட்டு நோட்டில் இருக்கட்டும்.