மேடையில் முகமும் பேசும்



சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் அமெரிக்காவுல ஜனாதிபதி பதவிக்கு நிக்கிறவங்க டிவியில நேருக்கு நேர் விவாதம் பண்றதைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, நமக்கும் இதுல விஷயம் இருக்கு. புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க அடுத்த மாசம் கூடப் போறோம். நிக்கிறவங்க அஞ்சு நிமிஷம் மேடையில பேசணும். இப்பவே சில பேருக்கு வயித்தைக் கலக்குது.

முதல் டிவி விவாதம் 1960 செப்டம்பர் 26-ல் சிகாகோவில் நடந்தது. ஒரு பக்கம் கென்னடி, இன்னொரு பக்கம் நிக்சன். சுமார் ஏழு கோடி பேர் பார்த்தாங்க. நிக்சன் முழங்கால்ல சீழ் வச்சு ஆஸ்பத்திரியில கிடந்து, உடம்பு இளைச்சுப் போய் வந்திருந்தார். விளக்கு வெளிச்சத்துல முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு, கைக்குட்டையால துடைச்சுக்கிட்டார். கென்னடி தெளிவா, கேமராவைப் பார்த்துப் பேசினார். அந்தத் தேர்தல்ல கென்னடி மிகக் குறைஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அதுக்கப்புறம் 16 வருஷம் இந்த மாதிரி விவாதமே நடக்கல.

1976-ல் மறுபடி ஆரம்பிச்சப்போ நடுவுல ஒலிபரப்பு கெட்டுப்போச்சு. சுமார் 27 நிமிஷம் ஆச்சு. ஃபோர்டும் கார்ட்டரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்காம மேடையிலேயே நின்னாங்க. கேமரா பார்க்குதேங்கிற பயம்தான்.

ரீகனுக்கு 1984-ல் 73 வயசு. முதல் விவாதத்துல தடுமாறிட்டார். அடுத்ததுல வயசைப் பத்திக் கேட்டாங்க. அவர் கோவிச்சுக்கல. எதிராளியோட இளம் வயசையும் அனுபவக் குறைவையும் நான் தேர்தலுக்குப் பயன்படுத்திக்க மாட்டேன்னு சொன்னார். எதிர்ல நின்ன மான்டேலே சிரிச்சுட்டார்.

பல பேருக்குக் கெட்ட பேர் வந்தது பேசும்போது இல்ல, மத்தவங்க பேசுறதைக் கேக்கும்போதுதான். 1992-ல் ஒரு பெண் எழுந்து, நாட்டோட கடன் சுமை உங்க சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதிச்சதுன்னு கேட்டாங்க. அந்த நேரம் பார்த்து ஜனாதிபதி புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளின்டன் அந்தப் பெண்கிட்ட நடந்து போய், உங்களுக்கு எப்படி இருக்குன்னு திருப்பிக் கேட்டார். 2000-ல் எதிராளி பேசப் பேச கோர் பெருமூச்சு விட்டது மைக்கில கேட்டுச்சு. ஜனங்க அதைத்தான் பேசினாங்க.

கமலா ஹாரிஸை உங்களுக்குத் தெரியும். அவங்க அம்மாவழித் தாத்தாவோட ஊர் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். 2020-ல் துணை ஜனாதிபதி விவாதத்துல பென்ஸ் குறுக்கே பேசினப்போ, "நான் பேசிட்டு இருக்கேன்"னு மட்டும் சொன்னாங்க. கத்தல, அழல. விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தாங்க. 2024-ல் ட்ரம்ப்போட நடந்த விவாதத்துலயும் அவங்கதான் நல்லா பேசினாங்கன்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா தேர்தல்ல ட்ரம்ப் ஜெயிச்சார். அதனால விவாதமே எல்லாத்தையும் முடிவு பண்ணிடும்னும் சொல்ல முடியாது.

நிக்கப்போற அக்கா தங்கச்சிகளுக்கு மூணு வார்த்தை சொல்றேன். மத்தவங்க பேசும்போது காது குடுங்க. கேள்வி கேட்டவங்க முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்க. யாராவது குறுக்கே வந்தா சத்தம் போடாம நில்லுங்க, உங்க நேரத்தை விட்டுக் குடுக்காதீங்க.

ஓட்டுப் போடப்போற நமக்கும் ஒண்ணு இருக்கு. நிக்சனுக்கு வேர்த்தது உடம்பு சரியில்லாததாலயும் விளக்குச் சூட்டாலயும். அவர் சொன்னது சரியா தப்பான்னு அந்த வேர்வை சொல்லாது. நம்மள்ல பல பேர் முதல் தடவையா மைக் பிடிக்கப் போறோம். கை நடுங்கும், தொண்டை அடைக்கும். அதை வச்சு "இவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு முடிவு கட்டிடாதீங்க. சரளமா பேசுறவங்க கணக்கைச் சரியா வைப்பாங்கன்னும் இல்ல. யாரோட குழுவுல வரவு செலவு நேரா இருக்கு, கடன் யாருக்கு முதல்ல குடுத்தாங்க, நோட்டைக் கேட்டா காட்டுறாங்களான்னு பாருங்க. நடுங்குற குரல்ல நல்ல கணக்கு சொல்றவளுக்குக் கை தட்டுங்க. அடுத்த தடவை அந்தக் குரல் நடுங்காது.