குறிஞ்சி பூக்காத ஆண்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'மலையும் கவிதையும்' குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். ஆய்வுரை ஒன்றை எழுதத்தான் அமர்ந்தேன். ஆனால் எழுத எழுத, என் குடும்பத்தோடு கொடைக்கானலில் கழித்த ஒரே ஒரு நாள்தான் குறுக்கே வந்து நின்றது. ஆகவே அந்த நாளையே உங்கள்முன் வைக்கிறேன்.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்பதை நாம் அனைவரும் அறிவோம். 2006இல் பூத்தது; பின்னர் 2018இல் பூத்தது. அந்த 2018இல் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிப்போட்டேன். மலை நீலமாகி, மீண்டும் பச்சையாயிற்று. குறிஞ்சியைப் பற்றி மேடைதோறும் பாடியவன், அது பூத்தபோது வீட்டில் இருந்தேன். அந்தக் குறையோடுதான் 2019ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில் தாயார், மனைவி, மக்கள் இருவருடன் மலையேறினேன். எங்கள் ஊர் பழனிக்கு அருகில். அங்கிருந்து கொடைக்கானலுக்குச் சாலைவழி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். அருகிலிருப்பதனாலேயே போகாத ஊர் அது!

சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். இந்த நாளிலிருந்து ஒரு நல்ல கவிதையாவது பெற்றுவிட வேண்டும் என்பது என் உறுதி.

முதலில் தூண்பாறை. நானூறு அடி உயரப் பாறைகள் என்று பிள்ளைகளிடம் வழியெல்லாம் சொல்லி வந்தேன். போய் நின்றால், பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை. எங்கும் வெண்பனி மூட்டம். நான் சோர்ந்துபோனேன். பிள்ளைகளோ சோரவில்லை. நாலடி தள்ளி நின்றால் ஆள் மறைந்துவிடும் அந்தப் புல்வெளி, கண்ணாமூச்சி ஆடுவதற்கென்றே அமைந்ததாக அவர்களுக்குத் தோன்றிவிட்டது. "அப்பா, நாம மேகத்துக்குள்ள நிக்கிறோம்!" என்று என் மகள் கூவினாள். நான் கவிதைக்காகத் தேடிவந்த பாறையைப் பனி மறைத்தது. அந்தப் பனியையே அவள் விளையாட்டாக்கிக் கொண்டாள்.

நண்பகலில் ஏரிக்கரையில் அமர்ந்து, தாயார் கட்டிவந்த புளிச்சோற்றை வாழையிலையில் பகிர்ந்து உண்டோம். 1863இல் உருவாக்கப்பட்ட ஏரி அது. சுற்றிவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு வாடகை மிதிவண்டி எடுத்தபோது, "எனக்கும் ஒண்ணு எடுங்க" என்றார் என் மனைவி. "உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன். "பத்தாவது முடிக்கிற வரைக்கும் தினமும் எட்டு மைல் மிதிச்சவ நான். நீங்க கேட்டதே இல்லையே" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

அன்பர்களே, எங்களுக்குத் திருமணமாகி அப்போது பதினேழு ஆண்டுகள். பெண் விடுதலை குறித்து நான் எழுதிய கவிதைகள் நம் மலரிலேயே வெளிவந்துள்ளன. அந்தப் பதினேழு ஆண்டுகளில் நான் கேட்காமல் விட்ட ஒரு சிறு கேள்வி, அன்று ஏரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வளைவில் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாலையில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குச் சென்றோம். 1936இல் எழுந்த கோயில் அது. போகும் வழியில் சாலையோரச் சரிவில் காய்ந்த குச்சிகள் புதராக நின்றன. "இவைதான் அம்மா குறிஞ்சி. பூத்து, விதை உதிர்த்து, செத்துவிட்டன. இனி 2030இல்தான்" என்றேன். சொன்ன பிறகே, எழுபத்தெட்டு வயதான தாயாரிடம் அந்த ஆண்டைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நா உறைந்தது. அவர் குனிந்து புதரை விலக்கினார். "செத்துப்போச்சுங்கிறயே கண்ணு, அடியில பாரு, மொளச்சிருக்கு" என்றார். விரலளவு நாற்றுகள். நான் மேலே பூவைத் தேடினேன். அவர் கீழே மண்ணைப் பார்த்தார்.

கோயிலருகே நின்றபோது மூட்டம் விலகிற்று. கீழே, வெகு தொலைவில், சமவெளியில் பழனி மலை தெரிந்தது. மாதந்தோறும் படியேறித் தொழுதவர் என் தாயார். முழங்கால் நோவு வந்தபின் ஈராண்டுகளாக ஏறவில்லை. இழுவைத் தொடர்வண்டியில் ஏற அவர் மனம் ஒப்பவில்லை. இப்போது அந்த மலை ஓர் உள்ளங்கையளவாய்க் கீழே கிடந்தது. அவர் கைகூப்பினார். "இத்தன வருசமா அண்ணாந்து பாத்தேன். இன்னிக்குக் குனிஞ்சு பாக்கறேன். கோவிச்சுக்காத சாமி" என்றார். என் பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வந்தது. தினைப்புனம் காக்கச் சென்ற பெண்கள் அருவியாடிப் பூப்பறித்துப் பாறையில் குவித்த ஒரு பகற்பொழுதன்றோ அது! அங்கே 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் குறிஞ்சியும் ஒன்று. குவளைக்கு அடைமொழி தந்த கபிலர், திணைக்கே பெயர் தந்த குறிஞ்சிக்கு ஓர் அடைமொழியும் தரவில்லை. குவளைக்கும் வெட்சிக்கும் நடுவே ஒற்றைச் சொல்லாக நிறுத்திவிட்டு நகர்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூப்பதும், பருவந்தோறும் பூப்பதும் அந்தப் பாறைமேல் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. அரியதற்காகக் காத்திருந்து எளியதைத் தவறவிடும் நோய் எனக்கிருந்தது, கபிலருக்கு இல்லை.

என் தாயார் 2022இல் மறைந்தார். 2030இல் குறிஞ்சி பூக்கும்போது நான் நிச்சயம் போவேன். ஆனால் அவர் விலக்கிக் காட்டிய அந்த நாற்றுகள்தாம் அப்போது பூக்கப்போகின்றன என்பதை மறவேன்.

நம் வட்டத்திற்குப் பத்தாண்டுகள் நிறைந்துள்ளன. குறிஞ்சிக் கணக்கில் இன்னும் ஈராண்டுகள் குறைவு! ஆயினும் கூட்டத்திற்கு எட்டுப்பேர் மட்டுமே வந்த மழைநாள் மாலைகளையும் இந்த மலரில் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவைதாம் நாம் வாழ்ந்த ஆண்டுகள்.