மணமக்கள் மீது எதைத் தூவுவது?

பாலையூற்றில் ஒரு திருமணம் நிறைவெய்திய மறுநாட் காலையில், மண்டப வாயிலிற் கண்ணைப் பறிப்பன மினுங்கும் வர்ணத் துணுக்குகளே. தாள்போலத் தோன்றினும் அவை பெரும்பாலும் உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக். விளக்குமாற்றுக்குத் தப்பியவை மாரிமழையோடு வாய்க்காலில் இறங்கித் துறைமுகக் கடலைச் சேரும். அங்கே மீன் இரையென விழுங்கும். இத்தாலிய மொழியிற் 'கொன்பெற்றி' என்பது ஆதியிற் சீனிப்பாகில் தோய்ந்த வாதுமையைக் குறித்த சொல்! தின்பண்டம் குப்பையான விந்தை அது.

இலங்கையிற் பிளாஸ்டிக் மலர்மாலைக்கு 2023 ஒக்டோபரிலே தடை வந்தது. மாலையை விட்டவர்க்குத் துணுக்கை விடுவது அரிதன்று. நம்மிடம் அறுகரிசி உண்டே. பச்சரிசி, மஞ்சள், அறுகம்புல் கலந்து, முதியோர் மணமக்களின் பாதம், முழங்கால், தோள் தொட்டுச் சிரசில் இடுவர். சிந்தியதைக் கோழியும் குருவியும் பொறுக்கிக் கொள்ளும். அரிசி பறவையின் வயிற்றிற் பொருமிக் கொல்லும் என்றஞ்சி, 1985இல் அமெரிக்கக் கனெற்றிக்கட் மாநிலத்தில் அதனைத் தடுக்கச் சட்டமூலமும் கொணர்ந்தனர். பறவையியலார் அவ்வச்சத்தை ஏற்கவில்லை.

தேவாலய வாசலிற் பூத்தூவ விரும்புவோர் ரோசா, செவ்வரத்தை இதழ்களை உதிர்க்கலாம். உலர்ந்த இலைகளைத் தாள் துளைக்கும் கருவியாற் குத்தி வட்டங்களாக்குவதும் உண்டு. பிள்ளைகளுக்கு உவப்பான வேலை. அலரி மட்டும் வேண்டாம்: அதன் இலையும் பூவும் நஞ்சு.