காய்ச்சலுக்கு ஒரு டாக்டர் வேண்டும்!
(முத்தாபுதுப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



இருதயத்துக்குத் தனி டாக்டர் இருக்கிறார். எலும்புக்கு, கண்ணுக்கு, மூளைக்கும் இருக்கிறார்கள். ஆனால் உழைக்கிறவனைப் படுக்க வைப்பது எது? பெரும்பாலும் காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்குத் தனி டாக்டர் உண்டா என்று கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார். உண்டு. தொற்றுநோய் நிபுணர் என்று பெயர். ஆனால் நம்மில் எத்தனை பேர் அவரைப் பார்த்திருக்கிறோம்?

அந்த நிபுணர் எப்படி உருவாகிறார்? எம்.பி.பி.எஸ். படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு சேர்த்து 5½ ஆண்டு. பிறகு எம்.டி. 3 ஆண்டு. அதற்கும் மேல் தொற்றுநோய்க்கென்று டி.எம். 3 ஆண்டு. ஆக 11½ ஆண்டு! வேலூர் சி.எம்.சி.யிலும், டில்லி எய்ம்ஸிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் நாட்டின் ஜனத்தொகைக்கு முன்னால் இந்த இடங்கள் மிகச் சொற்பம்.

இந்தப் பயிற்சியில் முக்கியமானது என்ன? கேள்வி கேட்கக் கற்பதுதான். 'என்ன வேலை செய்கிறாய்? எந்த வயலில் இறங்கினாய்? மாடு கன்று உண்டா? எந்தத் தண்ணீர் குடிக்கிறாய்? வீட்டில் வேறு யாருக்கு இருமல்?' என்று அவர் கேட்க வேண்டும். பணக்காரன் நோயை அவன் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் தேடலாம். உழைப்பவன் நோயை அவன் வேலையிலும் குடிசையிலும் தேட வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த விவசாயத் தொழிலாளி அம்மா ஒருவர். புல் அறுக்கப் போய் வந்தார், காய்ச்சல். ஆறு நாளில் இரண்டு இடத்தில் ஊசி போட்டார்கள். கூலியும் போயிற்று, காசும் போயிற்று, காய்ச்சல் போகவில்லை. ஏழாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், பெண் நர்ஸை வைத்துக்கொண்டு, இடுப்பில் புடவைக் கட்டு அழுத்தும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். பீடி நெருப்பு சுட்டது போல ஒரு கருப்புப் புண்! வலியில்லாததால் அந்த அம்மாவுக்கே அது தெரியாது.

அதுதான் உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மழைக்காலத்திலும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும் நம் பக்கம் அதிகம். பென்சிலின் வகை மருந்து இதற்குப் பலிக்காது. டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை பலிக்கும். ஆனால் காலத்தில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் தாக்கப்படும்.

நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது? வேலூர் சி.எம்.சி. தொற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவில் 7 ஆஸ்பத்திரிகளில், சுமார் 800 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2023இல் வெளிவந்தது. டாக்சிசைக்ளினையோ அசித்ரோமைசினையோ தனியாக நரம்பில் ஏற்றியபோது 100க்கு 47, 48 பேர் ஐந்தாம் நாளும் காய்ச்சல் தணியாமலோ, ஏழாம் நாளும் சிக்கல் தீராமலோ, இறந்தோ போனார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 33 ஆகக் குறைந்தது. சாவு எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு காணவில்லை. ஆனால் குணம் சீக்கிரம் வந்தது. இரண்டுமே பழைய மருந்துகள்தான். புது மருந்தா தேவைப்பட்டது? வயலில் உழைப்பவன் நோயைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட டாக்டர்கள் தேவைப்பட்டார்கள்!

இது நமக்குப் புதிதல்ல. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் துவங்கியது. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மறு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். 1959இல் வந்த இந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய் வைத்திய முறையையே மாற்றியது. சென்னைத் தொழிலாளியின் உடம்பிலிருந்து உலகம் பாடம் கற்றது. அந்தப் பாடத்தின் பலன் அவனுக்கும் சேர வேண்டாமா?

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். நாளைக்கு ஷிப்டுக்குப் போக வேண்டுமே என்று கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். பாதியில் நிறுத்துகிறோம். கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி இதை எதிர்த்துப் பிரகடனம் செய்தன. முக்கியமான மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, நோயாளி பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்தது. ஆனால் சம்பளத்துடன் நோய் விடுப்பு இல்லாதவனிடம் விதியை மட்டும் காட்டி என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பது இவை. அரசாங்க மருத்துவக் கல்லூரிகளில் தொற்றுநோய்ப் படிப்புக்கு இடங்கள் பெருக வேண்டும். படித்து வருகிறவருக்கு ஜில்லா ஆஸ்பத்திரியில் வேலை வேண்டும். இல்லையேல் அவர் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். கூலிக்காரனுக்கு நோய் நாள் கூலி வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கருப்புப் புண் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். அந்தச் சிறு புண்ணைக் காட்டினால் ஓர் உயிர் பிழைக்கலாம்!